வழக்கில் வென்றால் செலவு முழுவதும் திரும்பக் கிடைக்குமா?

கைமாற்றாகக் கொடுத்த ஐந்து லட்சம் ரூபாய்க்காக வழக்குப் போட்டு வென்றால், வழக்கறிஞர் கட்டணம் உட்பட எல்லாச் செலவையும் எதிர்த்தரப்பு தர வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். செலவுத்தொகை பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் நீங்கள் செலவழித்த அளவுக்குக் கிடைக்காது. உரிமையியல் வழக்குகளை நடத்தி வருபவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஆவது பிரிவு, செலவை யார், எவ்வளவு தர வேண்டும் என்பதை நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு விட்டிருக்கிறது. ஆயினும் தோற்றவர் வென்றவருக்குத் தருவதே இயல்பான முறை. அதிலிருந்து விலகும் நீதிபதி அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பாகப்பிரிவினை வழக்குகளில் ‘தரப்பினரின் உறவுமுறையைக் கருதி செலவுத்தொகை இல்லை’ என்று எழுதுவார்கள். உடன்பிறந்தவர்களுக்குள் நடக்கும் வழக்கில் அது நியாயமானதே. கடன் வழக்கிலும் காரணம் ஏதும் சொல்லாமல் ‘செலவுத்தொகை இல்லை’ என்று முடிப்பது, வாங்கிய பணத்தைத் தராமல் இழுத்தடித்தவருக்குத் தரும் சலுகை என்றே நான் கருதுகிறேன். சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றமும், வென்றவரின் நேரம், பயணம், தங்கும் செலவு ஆகியவற்றையும் உள்ளடக்கி, நியாயமான உண்மைச் செலவை வழங்க வேண்டும் என்றது.

தீர்ப்பின் முடிவை முறைப்படி எழுதித் தரும் தீர்ப்பாணையின் கடைசிப் பகுதியில் செலவு அட்டவணை ஒன்று இருக்கும். வழக்குரை (வாதி வழக்கைத் தொடங்கத் தாக்கல் செய்யும் மனு) மீதான நீதிமன்றக் கட்டணம், வக்காலத்து முத்திரை, அழைப்பாணைக் கட்டணம், சாட்சிப்படி, நீதிமன்றம் நியமிக்கும் ஆணையருக்கான கட்டணம், வழக்கறிஞர் கட்டணம் என்று வாதிக்கும் பிரதிவாதிக்கும் தனித்தனியே தொகை காட்டியிருப்பார்கள். தமிழ்நாட்டில் 2017 முதல் பணம் கோரும் வழக்குக்கு 3 சதவீதம் என்பதால், உங்கள் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 15,000 ரூபாய். முழுமையாக வென்றால் அது அப்படியே அட்டவணையில் ஏறும், ஒரு பகுதி மட்டும் வென்றால் பெரும்பாலும் அந்த விகிதத்தில் குறையும். வழக்கறிஞர் கட்டணம் மட்டும், நீங்கள் உண்மையில் எவ்வளவு கொடுத்திருந்தாலும், வழக்கின் மதிப்பை வைத்து விதிகள் வகுத்த அளவுக்கே கணக்கிடப்படும்.

இந்த வரம்பை மீற முடியுமா என்ற கேள்வி 2011இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் உண்மையான கட்டணத்தைக் கணக்கிட்டு 45 லட்சம் ரூபாய்க்கு மேல் வழங்கியிருந்தது. உண்மைச் செலவு என்பது விதிகள் அனுமதிக்கும் செலவுதான் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பொய் வழக்குக்கும் பொய்யான எதிர்வாதத்துக்கும் 35ஏ பிரிவில் வழங்கக்கூடிய இழப்பீட்டின் உச்சவரம்பு 3,000 ரூபாய்தான். 1976இல் வைத்த தொகை. அதை உயர்த்த வேண்டும் என்று அந்தத் தீர்ப்பிலேயே நீதிமன்றம் வலியுறுத்தியது. 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் வணிகத் தகராறுகளுக்கு மட்டும் அந்த உச்சவரம்பை நீக்கியதோடு, நியாயமான சமரச முன்மொழிவை மறுத்தவரின் நடத்தையையும் செலவு விஷயத்தில் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. சாதாரணக் கைமாற்றுக் கடனுக்கு இது பொருந்தாது.

எதிர்த்தரப்பு வாய்தா மேல் வாய்தா வாங்கினால் 35பி பிரிவைச் சுட்டிக்காட்டிச் செலவுத்தொகை கேளுங்கள். நீதிமன்றம் விதித்த தொகையைக் கட்டினால்தான் அவர் தம் வாதத்தை மேற்கொண்டு நடத்த முடியும் என்பதால், தொகை சிறியதானாலும் பயன் பெரிது.

வழக்குரையின் பரிகாரப் பகுதியிலேயே செலவுத்தொகையைக் கோருங்கள். ரசீதுகளையும், வழக்கறிஞர் தாம் பெற்ற கட்டணத்துக்குத் தரும் சான்றிதழையும் உரிய நேரத்தில் தாக்கல் செய்யுங்கள். வழங்கப்பட்ட செலவுத்தொகையை எதிர்த்தரப்பு தரவில்லை என்றால், கடன் தொகையோடு சேர்த்து தீர்ப்பாணையை நிறைவேற்றக் கோரும் அதே நிறைவேற்று மனுவில் வசூலிக்கலாம். இடையில் சமரசம் ஏற்பட்டால், அது நீதிமன்றத்துக்கு வெளியே நீங்களே பேசி முடித்ததாக இருந்தாலும், நீதிமன்றக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் உறுதி செய்திருக்கிறது.