காலையில் அமுங்கிக் கிடக்கும் எஸ்யூவி: 4.8 லட்சத்துக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: இரண்டு வருடம் முன்பு 2014 மாடல் ஏழு இருக்கை சொகுசு எஸ்யூவி ஒன்றை 11 லட்சத்துக்கு வாங்கினேன். நான்கு பக்கமும் ஏர் சஸ்பென்ஷன், அதாவது இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று நிரப்பிய ரப்பர் பைகள்தான் வண்டியைத் தாங்கும். மூன்று மாதமாக இரவு நிறுத்தினால் காலையில் முன் இடது பக்கம் அமுங்கிக் கிடக்கிறது. ஸ்டார்ட் செய்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் எழுந்துவிடும். இப்போது டாஷ்போர்டில் எச்சரிக்கையும் வருகிறது. ஸ்கேனர் போட்டுப் பார்த்த சர்வீஸ் சென்டர் 4,80,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறது: முன் ஸ்ட்ரட் (காற்றுப் பை பொருத்திய தாங்கி) இரண்டு 2,90,000, கம்ப்ரஸர் (காற்றை ஏற்றும் பம்ப்) 95,000, வால்வு பிளாக் (காற்றை ஒவ்வொரு மூலைக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி) 45,000, கூலியும் இதரமும் 50,000. வங்கி 14% வட்டியில் மூன்று வருடத் தனிநபர் கடன் தருகிறது. அவசரத் தேவைக்கு வைத்திருக்கும் எஃப்டி 6 லட்சம் இருக்கிறது. கடையும் வீட்டுச் செலவும் போக மாதம் 25,000 மிஞ்சும். கடன் வாங்கவா, எஃப்டியை உடைக்கவா, இன்சூரன்ஸில் கேட்கவா, இல்லை வண்டியை 9 லட்சத்துக்குத் தள்ளிவிடவா?

பதில்: கடன் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 4,80,000 ரூபாய்க்கு 14% வட்டியில் 36 மாதம் என்றால் இஎம்ஐ சுமார் 16,400. வட்டி மட்டும் 1,10,000 தாண்டும். உங்களிடம் மிஞ்சும் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு மூன்று வருடத்துக்கு இதற்கே போய்விடும். கிரெடிட் கார்டு இஎம்ஐ என்றால் வட்டிக்கு மேல் 18% ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் சேரும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஆனால் எந்தப் பணத்தை எடுப்பது என்பது இரண்டாவது கேள்வி. கையில் இருக்கும் கொட்டேஷன் கசிவு எங்கே என்று கண்டுபிடித்துப் போட்டதாகத் தெரியவில்லை. சந்தேகப்படும் எல்லாவற்றையும் மாற்றிவிடும் பட்டியல் அது. ஸ்கேனரில் வரும் கோளாறு எண் பெரும்பாலும் 'அழுத்தம் மெதுவாக ஏறுகிறது' என்றுதான் சொல்லும். கம்ப்ரஸர் தேய்ந்தாலும் அப்படித்தான் வரும், பெல்லோ (காற்று நிரம்பும் ரப்பர் பை) ஓட்டையானாலும் அப்படித்தான் வரும். அந்த எண்ணை மட்டும் நம்பிக் கம்ப்ரஸரை மாற்றினால், கசிவு இருந்த இடத்திலேயே இருக்கும். புதுக் கம்ப்ரஸரும் அதே வழியில் தேயும்.

முதல் சோதனைக்கு ஓர் இரவும் ஓர் அளவு டேப்பும் போதும். சமதளத் தரையில் வண்டியைச் சாதாரண உயரத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். பிறகு கம்ப்ரஸரின் ஃப்யூஸைக் கழற்றிவிடுங்கள். உரிமையாளர் கையேட்டில் ஃப்யூஸ் படம் இருக்கும். சில மாடல்களில் சஸ்பென்ஷனைக் கட்டுப்படுத்தும் ஃப்யூஸ் தனியாக இருக்கும், அதையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். இதைத் தவறவிடாதீர்கள். பூட்டிய வண்டியிலும் கட்டுப்பாட்டுப் பெட்டி சில மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து வண்டியைச் சமப்படுத்தப் பார்க்கும். ஒரு மூலை இறங்கியிருந்தால் மற்ற மூன்றையும் அதன் மட்டத்துக்கு இறக்கிவிடும் மாடல்களும் உண்டு. அப்போது ஒரு மூலைக் கசிவு நான்கு மூலைக் கசிவாகத் தெரியும், பில்லும் அதற்கேற்ப நீளும். ஒரு மணி, நான்கு மணி, பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். இடையில் கதவைத் திறக்க வேண்டாம்.

இரவுக் குளிரில் காற்று சுருங்கிச் சில மில்லிமீட்டர் இறங்குவது இயல்பு. முன் இடது மட்டும் 40, 50 மி.மீ. இறங்கி மற்ற மூன்றும் அப்படியே நின்றால், கோளாறு அந்த மூலையின் பெல்லோவிலோ, அதற்குப் போகும் ஹோஸிலோ, வால்வு பிளாக்கில் அது நுழையும் இணைப்பிலோ இருக்கிறது. வலது ஸ்ட்ரட்டுக்குக் காசு கொடுக்க இன்னும் காரணமே இல்லை. முன் இரண்டும் ஒரே அளவு இறங்கினால் வால்வு பிளாக்கைச் சந்தேகப்படலாம். எதுவுமே இறங்காமல், ஓட்டும்போது மட்டும் கம்ப்ரஸர் அடிக்கடி ஓடினால் அழுத்தக் காற்றைச் சேர்த்து வைக்கும் ரிசர்வாயர் டேங்கையும் அதன் குழாயையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது சோப்புத் தண்ணீர். இதை மெக்கானிக் செய்யட்டும். வண்டி தானாக உயரத்தை மாற்றாதபடி ஜாக்கி மோடில் போட்டு, இரும்பு ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் யாரும் கீழே கை நீட்ட வேண்டும். காற்று இறங்கினால் இரண்டு டன்னுக்கு மேல் எடை ஒரு நொடியில் உட்கார்ந்துவிடும். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த ஸ்ப்ரே போதும். பெல்லோ கீழே மடிந்து உருளும் இடத்தில்தான் ரப்பர் முதலில் வெடிக்கும். முன் ஸ்ட்ரட்டில் அதைத் தூசி உறை மறைத்திருக்கும், கிளாம்பைத் தளர்த்தி உறையை ஒதுக்காமல் 'பார்த்தாச்சு, ஒன்றுமில்லை' என்று சொல்லவே கூடாது. ஸ்ட்ரட் உச்சியில் ஹோஸ் நுழையும் இடம், வால்வு பிளாக்கின் ஒவ்வொரு நட், கம்ப்ரஸர் வெளியேற்றும் குழாய் என்று வரிசையாக அடித்து இரண்டு மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். மெல்லிய கசிவில் நுரை மெதுவாகத்தான் திரளும். மடிப்பு ஒரு குறிப்பிட்ட உயரத்தில் நிற்கும்போது மட்டும் கசிகிற விரிசல்களும் உண்டு. அதனால் தாழ்வு, சாதாரணம், உயரம் மூன்றிலும் பார்க்கச் சொல்லுங்கள். ஹோஸ் முனை மட்டும்தான் கோளாறு என்றால், நுனியை நேராக வெட்டிப் புது ஃபிட்டிங் போட்டாலே வேலை முடிந்தது.

கம்ப்ரஸரை இப்போதே குற்றவாளி ஆக்க வேண்டாம். விட்டுவிட்டு ஓடத்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். கசிவை ஈடுகட்ட ஓடிக்கொண்டே இருந்தால் சூடேறிப் பிஸ்டன் வளையம் தேயும். உள்ளே இருக்கும் டிரையர் மணிகள் ஈரம் குடித்து நிரம்பிவிட்டால், ஈரக்காற்று வால்வு பிளாக்குக்குப் போய் அங்கே அரிப்பு தொடங்கும். மூன்று மாதம் இப்படியே ஓட்டியிருக்கிறீர்கள், கம்ப்ரஸர் கொஞ்சம் அடிபட்டிருக்கலாம். அதைக் கசிவை அடைத்த பிறகு, காற்று நிரம்ப எடுக்கும் நேரத்தையும் இழுக்கும் கரண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தேய்ந்திருந்தாலும் பல மாடல்களுக்கு வளையமும் டிரையரும் மாற்றும் கிட் கிடைக்கிறது. கம்ப்ரஸருக்கு மின்சாரம் கொடுத்து நிறுத்தும் சுவிட்சான ரிலேவை மட்டும் இப்போதே மாற்றிவிடுங்கள். அதன் உள் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், பூட்டிய வண்டியில் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி எரிந்துபோகும், பேட்டரியும் இறங்கும். ரிலே விலை இந்தக் கொட்டேஷனில் ஒரு தூசி.

சோதனையில் இடது பெல்லோதான் என்று உறுதியானால், உங்கள் கொட்டேஷன் விலையிலேயே ஒரு ஸ்ட்ரட் 1,45,000. கூலி, உயர கேலிபரேஷன், ரிலேவுக்கு 20,000 வைத்தாலும் 1,65,000. ஜோடியாக மாற்றுவது நல்லது என்பார்கள், இரண்டு ரப்பருக்கும் ஒரே வயது என்பதால் அது பொய்யும் இல்லை. ஆனால் வலது பெல்லோவில் விரிசல் தெரியவில்லை என்றால் அதை அடுத்த வருடத்துக்குத் தள்ளுவதே என் யோசனை. கார் கம்பெனிக்கு அந்த ஸ்ட்ரட்டைச் செய்து கொடுக்கும் உற்பத்தியாளரே தன் பெட்டியில் விற்பதைக் கேட்டுப் பாருங்கள், விலை குறையும். ரீபில்ட் (பழைய ஸ்ட்ரட்டைப் பழுதுபார்த்துப் புதுப்பித்தது) என்றால் எழுத்தில் வாரன்டியும் ஜிஎஸ்டி பில்லும் வேண்டும். உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய பழைய ஸ்ட்ரட் வேண்டவே வேண்டாம், அதிலும் அதே வயதுடைய ரப்பர்தான். ஏர் சஸ்பென்ஷனைக் கழற்றிச் சாதாரண சுருள் ஸ்பிரிங் போட்டுத் தருகிறேன் என்றும் சிலர் சொல்வார்கள். மலிவுதான். ஆனால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் செய்தால் நாளை கிளெய்மில் வம்பு, விற்கும்போது விலையும் அடிபடும்.

கொட்டேஷனில் பாகங்களுக்கு ஜிஎஸ்டி எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு 18% தான். பழைய விலைப்பட்டியலில் 28% இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். கடைக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தாலும், இத்தகைய பயணிகள் காரின் ரிப்பேருக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது, அதாவது இங்கே கட்டிய ஜிஎஸ்டியைக் கடை கட்டும் ஜிஎஸ்டியில் கழிக்க முடியாது.

பணம் எஃப்டியிலிருந்து வரட்டும், ஆனால் உடைக்காமல். எஃப்டி மீது ஓவர்டிராஃப்ட் கேளுங்கள், அதாவது எஃப்டியை ஈடாக வைத்து வேண்டியபோது எடுக்கும் கடன். வட்டி பொதுவாக எஃப்டி வட்டியை விட 1 முதல் 2% தான் அதிகம், எடுத்த தொகைக்கு எடுத்த நாட்களுக்கு மட்டும். 8% என்று வைத்தால் 1,65,000 ரூபாயை 12 மாதத்தில், மாதம் சுமார் 14,350 வீதம் அடைத்துவிடலாம். மொத்த வட்டி 7,200 சொச்சம். எஃப்டி முழுதாக நிற்கும்.

இன்சூரன்ஸ் இதற்குக் கைகொடுக்காது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியின் விலக்குப் பட்டியலில் இருப்பவை. நில் டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு) போட்டிருந்தாலும் இதே கதைதான். அது விபத்துக் கிளெய்மில் பாகங்களின் தேய்மானக் கழிவை மட்டும்தான் நீக்கும். 'பள்ளத்தில் அடிபட்டது என்று எழுதிவிடலாம்' என்று யாராவது ஆசை காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சர்வேயருக்குப் பழைய வெடிப்புக்கும் புது அடிக்கும் வித்தியாசம் தெரியும். உண்மையாகவே விபத்தில் சேதமானால்கூட, நில் டெப் இல்லாத பாலிசியில் ரப்பர் பாகங்களுக்கு 50% கழித்துத்தான் தருவார்கள், நோ கிளெய்ம் போனஸும் போகும்.

வேலை கொடுக்கும்போது இரண்டை எழுத்தில் வாங்குங்கள். புது ஸ்ட்ரட்டில் காற்று ஏற்றிய பிறகே சக்கரம் தரையைத் தொட வேண்டும். காலி பெல்லோ மேல் எடை இறங்கினால் மடிப்பு கோணிப் புதுசே கிழிந்துவிடும், அதை வாரன்டியில் யாரும் ஏற்க மாட்டார்கள். இரண்டாவது, கடைசி 25% பணம் ஃப்யூஸ் கழற்றிய ஓர் இரவுச் சோதனைக்குப் பிறகு. அந்த மூலை மற்ற மூன்றை விட 10 மி.மீ.க்கு மேல் கூடுதலாக இறங்கக் கூடாது. கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். ரீபில்ட் பரிமாற்றம் என்றால் மட்டும் அது அவர்களுக்குப் போகும்.

விற்பதா என்பதற்கு என் கோடு இது: சோதனைக்குப் பிறகு வரும் உண்மையான மொத்தச் செலவு, வண்டியின் விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 3 லட்சத்தைத் தாண்டினால் விற்றுவிடுங்கள். வண்டி 9 லட்சத்துக்கு இறங்கிவிட்டது, ஆனால் அதன் பாகங்களின் விலை புதிதாக வந்த காலத்துச் சொகுசுக் கார் விலையிலேயே நிற்கிறது. அமுங்கிய நிலையில் காட்டினால், வாங்குபவர் 4.8 லட்சத்தை அப்படியே கழித்துப் பேசுவார். அப்போதும் கசிவு எங்கே என்ற சோதனை அறிக்கை கையில் இருந்தால் பேரம் வேறு மாதிரி போகும். வைத்துக்கொள்வதாக இருந்தால், ஓவர்டிராஃப்ட் அடைபட்ட மாதமே மாதம் 8,000 ரூபாய்க்கு ஒரு ஆர்டி (மாதாமாதம் போடும் தொடர் வைப்பு) தொடங்குங்கள். 24 மாதத்தில் வட்டி இல்லாமலே 1,92,000 சேரும். வலது ஸ்ட்ரட் கேட்க ஆரம்பிக்கும்போது அந்தப் பணம் கைகொடுக்கும்.