மரம், கழிவிலிருந்து எரிபொருள் தயாரிக்க இங்கிலாந்தில் திட்ட அனுமதி எதற்கு?

ஒரு நிலத்தை இன்ன வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று உள்ளாட்சி மன்றம் தரும் ஒப்புதல்தான் திட்ட அனுமதி. 1990-ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டச் சட்டப்படி இது தேவை. குடியிருந்த வீட்டைக் கல்யாண மண்டபமாக்கினால் தெருவுக்கே தொந்தரவு அல்லவா, அப்படித்தான் இதுவும். பழைய மரத்தை அரைத்து எரிகட்டியாக்கும் இடத்துக்கு நாளெல்லாம் லாரி வரும், சத்தம் எழும், தூசி பறக்கும். அந்தத் தூசியை லேசாக எண்ணக் கூடாது: காற்றில் கலந்த நுண்ணிய மரத்தூள் ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். 2015-இல் செஷயரின் பாஸ்லி கிராமத்தில் மரத்தூள் ஆலை வெடித்து 4 பேர் இறந்தார்கள். அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபங்களையும் கேட்டு முடிவெடுப்பது மிகச் சரி என்பேன்.

திட்ட அனுமதி கிடைத்ததும் ஆலையை ஓட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அது போதாது; கழிவைக் கையாளச் சுற்றுச்சூழல் முகமையின் உரிமத்தையும் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும்.