சிக்னல் இல்லாத இடத்தில் சிம் போனால் எப்படித் தெரியும்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜூலை விடுமுறையில் டர்பனிலிருந்து கலகாடி வனவிலங்குப் பூங்காவுக்கு டபுள் கேப் பக்கியில் (இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப் வண்டி) நால்வர் போகிறோம். டீசல், தண்ணீர், டயர் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்? (வாசகர், சாட்ஸ்வொர்த்)

பதில்: புளூம்ஃபொன்டெய்ன், கிம்பர்லி வழியாக அப்பிங்டன் சுமார் 1,200 கி.மீ. ஒரே நாளில் ஓட்டித் தீர்க்க நினைக்காதீர்கள். கிம்பர்லியில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். இருட்டினால் குடு மான் ரோட்டுக்கு வந்துவிடும், அதன் மேல் மோதினால் உடம்பு முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். அப்பிங்டனிலிருந்து பூங்கா வாசலில் உள்ள ட்வீ ரிவீரன் முகாம் இன்னும் சுமார் 250 கி.மீ, தார் ரோடுதான். டாங்கியையும் காய்கறிக் கூடையையும் அப்பிங்டனிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். முகாம் கடையில் பிராய்க்கு (தணலில் சுடுவதற்கு) இறைச்சியும் விறகும் இருக்கும், கத்தரிக்காயை எதிர்பார்க்காதீர்கள்.

பூங்காவுக்குள் ட்வீ ரிவீரன், நோசோப், மாட்டா-மாட்டா மூன்று இடங்களில் எரிபொருள் உண்டு. ஆனாலும் பாதி டாங்கி இறங்கும்போதே நிரப்புவது நல்லது. மணலில் டீசல் செலவு தார் ரோட்டைப் போல ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்வீ ரிவீரனிலிருந்து நோசோப் 160 கி.மீ தான், ஆனால் வேக வரம்பு 50. சிங்கத்தைப் பார்த்து நிற்பதையும் சேர்த்தால் ஐந்து மணி நேரம் ஆகும். சூரியன் சாயும்போது கேட் மூடிவிடுவார்கள். மதியத்துக்குப் பிறகு கிளம்ப வேண்டாம்.

முகாம்களின் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும். குடிக்கவும் டீ போடவும் ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் என்றால் நால்வருக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர். வண்டி நின்றுவிட்டால் சமாளிக்க இன்னொரு 20. மொத்தம் 80 கிலோ எடை, கேன்களைக் கூரையில் ஏற்றாமல் கேபினை ஒட்டிக் கீழே கட்டுங்கள்.

டயர் காற்றை வண்டி ஓடாத காலை நேரத்தில் அளக்க வேண்டும். தாரில் 2.2 பார் வைத்திருந்தால், அலையலையான சரளைக்கு 1.8, இளமணலுக்கு 1.4. காற்றைக் குறைத்தால் டயர் தரையில் நீளமாகப் படியும், பாரம் பரவும், வண்டி புதையாது. அதே காற்றோடு தாரில் 100-இல் ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். மீண்டும் ஏற்ற கம்ப்ரசர் தேவை. அதை சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் ஃபியூஸ் போய்விடலாம், கிளிப்பை நேராக பேட்டரியில் மாட்டுங்கள். மழை நன்றாகப் பெய்த வருஷமென்றால், தடத்தின் நடுவே வளர்ந்த காய்ந்த புல் எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி அடைந்து தீப்பிடிக்கும். நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் குனிந்து பாருங்கள்.

இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். கம்பளியை மறக்காதீர்கள்.

கேள்வி: நான்கு நாள் போன் வேலை செய்யாது என்கிறார்கள். அதற்குள் யாராவது சிம் ஸ்வாப் செய்து, அதாவது என் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றி, பணத்தை எடுத்துவிட்டால்? (வாசகி, ஃபீனிக்ஸ்)

பதில்: நியாயமான பயம். ஊரில் இருக்கும்போது போனில் சிக்னல் திடீரென்று போனால் சந்தேகம் வரும், உடனே விசாரிப்போம். ட்வீ ரிவீரனைத் தாண்டி வடக்கே போனபின் சிக்னலை நம்ப முடியாது, அது போனாலும் யாரும் கவலைப்பட மாட்டார்கள். திருடனுக்கு இதைவிட வசதியான நேரம் கிடையாது. "வியாழன் வரை போன் கிடைக்காது" என்று வாட்ஸப் ஸ்டேட்டஸ் போடுவது அவனுக்கு நாள் குறித்துக் கொடுப்பதுதான். சொல்ல வேண்டிய இரண்டு பேருக்கு நேரில் சொல்லுங்கள், படங்களை வீடு திரும்பியபின் போடுங்கள்.

கிளம்பும்முன் வீட்டிலிருந்தே வங்கிச் செயலியில் பணம் அனுப்பும் வரம்பைச் சில நூறு ராண்டுக்கு இறக்குங்கள், கார்டின் ஆன்லைன் வாங்குதலை அணைத்துவிடுங்கள். எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதில் செயலிக்குள்ளேயே ஒப்புதல் தரும் முறை இருந்தால் அதற்கு மாறுங்கள். சிம் கைமாறினால் எஸ்எம்எஸ் திருடனுக்குப் போகும், செயலி உங்கள் போனிலேயே இருக்கும். டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் பணம் போட்ட இரண்டாவது கார்டு ஒன்று கையில் இருக்கட்டும். வாட்ஸப்பில் அமைப்புகள், கணக்கு, இருபடிச் சரிபார்ப்பு என்று போய் ஆறிலக்க பின் வையுங்கள். எண் பறிபோனாலும் கணக்கை எளிதில் எடுக்க முடியாது.

சிம்முக்கும் பின் வைக்கலாம், ஆனால் அது சிம் ஸ்வாப்பைத் தடுக்காது. போன் தொலைந்தால் சிம்மை வேறு போனில் போட விடாது, அவ்வளவுதான். மூன்று தடவை தப்பாக அடித்தால், பூட்டைத் திறக்கும் பியூகே எண் கேட்கும். பாலைவனத்தில் அதை யாரிடம் வாங்குவீர்கள்? முன்னதாகவே தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். கூடவே *#06# அடித்தால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் (போனின் அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். திருட்டுப் போனை முடக்க நெட்வொர்க்காரர் கேட்பது அதைத்தான்.

ட்வீ ரிவீரனுக்குத் திரும்பியதும் அதே நெட்வொர்க் வைத்திருக்கும் இன்னொருவர் போனோடு ஒப்பிடுங்கள். அவருக்குச் சிக்னல் கோடு வந்து, போனை அணைத்துப் போட்டும் உங்களுக்கு வரவில்லையென்றால், அவர் போனிலிருந்தே முதலில் வங்கியின் மோசடிப் பிரிவுக்குப் பேசுங்கள். நெட்வொர்க்கை அதற்குப் பிறகு கூப்பிடலாம்.

கேள்வி: வழியில் தங்கும் விடுதி, அடையாள அட்டை நகலும் மின்கட்டண ரசீதும் வாட்ஸப்பில் அனுப்பச் சொல்கிறது. அனுப்பலாமா? (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: ரசீதை அனுப்பாதீர்கள். ரீகா சட்டப்படி சிம் பதிவுக்குக் கேட்பதும் இதே இரண்டைத்தான், அடையாளமும் முகவரிச் சான்றும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தால் சிம் ஸ்வாப்புக்குப் பாதி வேலை முடிந்தது. ஒரு ராத்திரி தங்க மின்கட்டண ரசீது எதற்கு? தேவைக்கு மேல் தகவல் வாங்கக் கூடாது என்பது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியா. எதற்கு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் "பரவாயில்லை, விடுங்கள்" என்பார்கள்.

அட்டை நகல் கட்டாயம் என்றால் முன்பக்கம் மட்டும் போதும், ஸ்மார்ட் அட்டையின் பின்பக்க பார்கோடு வேண்டாம். படத்தின் குறுக்கே, முகத்தைத் தொட்டபடி, விடுதியின் பெயரையும் தேதியையும் "இந்தப் பதிவுக்கு மட்டும்" என்பதையும் எழுதுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம். 13 இலக்க எண்ணின் முதல் ஆறும் பிறந்த தேதி, பிறந்தநாளையே கார்டின் ரகசிய பின் எண்ணாக வைத்திருப்பவர்கள் இன்றே மாற்றுங்கள்.

பூங்கா வரவேற்பில் உள்ளூர்க் கட்டணத்துக்கு அட்டை கேட்பார்கள். அங்கே காட்டினால் போதும். நகல்கள் தொலைந்தாலோ தப்பான கைக்குப் போனாலோ, தெற்கு ஆப்பிரிக்கப் பகுதிக்கான மோசடித் தடுப்புச் சேவையான எஸ்ஏஎஃப்பிஎஸ்-இல் இலவசமாகப் பாதுகாப்புப் பதிவு செய்யலாம். உங்கள் பெயரில் யாராவது கடன் கேட்டால், அதில் உறுப்பினரான கடன் நிறுவனங்களுக்கு எச்சரிக்கை போகும்.

கேள்வி: வாடகை வண்டியில் போனை புளூடூத்தில் இணைத்தால் ஆபத்தா? (வாசகி, லெனேசியா)

பதில்: தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல், "வீடு" என்று சேமித்த முகவரி எல்லாம் வண்டியிலேயே தங்கிவிடும். இணைக்கும்போது "தொடர்புகளைப் பகிரவா" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், பாட்டு அப்போதும் கேட்கும். போனில் மட்டும் நீக்கினால் வண்டியிலிருந்து போகாது. சாவியைத் திருப்பிக் கொடுக்கும்முன் வண்டித் திரையிலும் உங்கள் போனை நீக்கி, நேவிகேஷன் வரலாற்றையும் அழியுங்கள்.