செருப்புக்குள் பாதம்
கதை எழுதுவோர் கேள்வி பதில்: 8 முதல் 12 வயதுக்கான டார்க் காமெடி (சாவையும் பயத்தையும் வைத்துச் சிரிக்கவைக்கும்) மாயக்கதைகள்

கேள்வி: ‘கோரமான பேய் ரத்தம் சொட்டச் சொட்ட, ஹா ஹா என்று பயங்கரமாகச் சிரித்தபடி கதவை உடைத்துக்கொண்டு பாய்ந்தது’ என்று எழுதினேன். வீட்டுப் பிள்ளைகள் பயப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ஏன்? (கும்பகோணம் வாசகி)

பதில்: கோரம், ரத்தம், ஹா ஹா, பயங்கரம் என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். படிக்கிற பிள்ளைக்குச் செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லை. அதே பேயை இப்படி வரவழைத்துப் பாருங்கள்:

‘பேய் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருந்தது. செருப்பை வாசலிலேயே ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. இடது செருப்புக்குள் பாதம் அப்படியே இருந்தது.’

முதல் இரண்டு வாக்கியங்களில் வந்திருப்பது மரியாதை தெரிந்த விருந்தாளி. மூன்றாவதிலும் செருப்பைத்தான் பார்க்கிறோம், ‘பாதம்’ வரும்வரை. அந்தச் சொல்லை முன்னால் கொண்டுவந்து ‘பாதம் இடது செருப்புக்குள் இருந்தது’ என்று எழுதினால் திடுக்கிடல் போய்விடும். வினை கடைசியில் வரும் மொழி நம்முடையது. அதிர்ச்சிச் சொல்லை வினைக்கு ஒட்டி வைக்கும் வசதி இருக்கிறது. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த வரியில் யாரும் அலறக் கூடாது. ஆச்சரியக்குறி வேண்டவே வேண்டாம். கதவைத் திறந்த சிறுமி உள்ளே திரும்பி, “அம்மா, யாரோ வந்திருக்காங்க. ஒரு காலை வெளியவே விட்டுட்டாங்க” என்றால் போதும். இந்த வித்தையை அத்தியாயத்துக்கு ஒருமுறைக்கு மேல் காட்டாதீர்கள். இரண்டாம் முறை பிள்ளைகள் செருப்பைப் பார்த்ததுமே பாதத்தைத் தேடுவார்கள்.

கேள்வி: ஆங்கிலக் கதைகளில் கதைசொல்லி முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டே கிண்டல் செய்கிறார். தமிழில் அந்தக் குரலுக்கு எங்கே போவது? (மதுரை வாசகர்)

பதில்: தெருமுனைக்குப் போங்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அரசு அறிவிப்பு, வங்கிப் படிவம் எல்லாம் சிரிக்காமல் பேசுபவை. செத்துப்போன தாத்தா பென்ஷனுக்காக வாழ்நாள் சான்றிதழ் வாங்க வரிசையில் நிற்கிறார். ‘விண்ணப்பதாரர் உயிருடன் நேரில் வர வேண்டும்’ என்கிறது பலகை. அவரோ ‘நேரில் வந்துட்டேனே, பாதி விதி சரிதானே?’ என்று வாதாடுகிறார். அலுவலக மொழியை ஒரு எழுத்துகூட மிகைப்படுத்தாதீர்கள். கிளார்க்கும் சேர்ந்து ஜோக் அடித்தால் காட்சி படுத்துவிடும்.

கேள்வி: சாவு எவ்வளவு வரலாம்? (சேலம் ஆசிரியை)

பதில்: நிறையவே வரலாம். வலிதான் நீளக் கூடாது. நடப்பதற்கு முந்தைய நொடியையும் நடந்து முடிந்த பிறகையும் காட்டிவிட்டு, நடுவில் உள்ளதை விட்டுவிடுங்கள். பிராங்க்பர்ட் மருத்துவர் ஹைன்ரிக் ஹாஃப்மன் தன் 3 வயது மகனுக்காக எழுதி, 1845இல் அச்சான படக்கவிதை நூலில், தீக்குச்சியோடு விளையாடிய சிறுமி எரிந்துபோகிறாள். மிஞ்சுவது சாம்பலும் ஒரு ஜோடிக் காலணியும்தான். பூனைகள் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து அழுகின்றன. அந்தப் பூனைகளால்தான் அது வெறும் மிரட்டலாக நின்றுவிடவில்லை. ஆனாலும் அந்த நூலில் அடி முழுக்கப் பிள்ளைகள் மேல்தான் விழுகிறது. விரல் சூப்பும் பையனுக்குக் கத்தரிக்கோல் வெட்டில் கட்டைவிரல்களே போகின்றன. இன்றைக்கு அந்தக் கத்தரிக்கோலைச் சொத்துக்கு அலையும் சித்தப்பா பக்கம் திருப்புங்கள். குண்டு, கறுப்பு, திக்குவாய் பற்றிய கேலி எங்கள் கையில் வந்தால் நேரே குப்பைக்குத்தான் போகும்.

கேள்வி: என் குட்டிச்சாத்தானுக்கு எல்லா சக்தியும் உண்டு. பாதிக் கதையில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறேன். (திருநெல்வேலி வாசகர்)

பதில்: எல்லாம் முடிந்தவனுக்கு ஏது கதை? வேதாளத்தைப் பாருங்கள். விடை தெரிந்தும் விக்கிரமன் வாய் திறக்காவிட்டால் தலை சுக்குநூறாகும். திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரத்துக்குப் போய்விடும். எந்தப் பக்கம் போனாலும் நஷ்டம் தருகிற அந்த ஒரே விதியில் எத்தனை கதைகள் ஓடிவிட்டன! உங்கள் சாத்தானுக்கும் ஒரு சக்தி, அதற்கு ஒரு விலை போதும். கேட்டதைக் கொடுக்கும், ஆனால் கேட்டவரின் வீட்டிலிருந்தே எடுத்துக் கொடுக்கும் என்று வைத்துப் பாருங்கள். பையன் சைக்கிள் கேட்கிறான்; பாட்டியின் தங்கப் பல் காணாமல் போகிறது. முதல் மூன்று அத்தியாயங்களுக்குள் விதியைச் சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னால் ஏமாற்றுவேலை.

கேள்வி: இந்த வயதுக்கான நாவலுக்கு எத்தனை சொற்கள்? (கோவை வாசகி)

பதில்: ஆங்கிலத்தில் பெரும்பாலும் 30,000 முதல் 50,000. தமிழில் ஒரு சொல்லே பல ஆங்கிலச் சொற்களின் வேலையைச் செய்வதால் 20,000 முதல் 30,000 போதும். அத்தியாயம் 1,200 சொற்களைத் தாண்டினால், தூங்கும் நேரத்தில் வாசித்துக் காட்டும் அப்பா முதலில் தூங்கிவிடுவார்.

கேள்வி: என் நாயகி பல்லியாகிவிட்டாள். கடைசியில் மனுஷியாக மாற்றியே ஆக வேண்டுமா? (சென்னை வாசகர்)

பதில்: வேண்டியதில்லை. ஆங்கில எழுத்தாளர் ரோல்டு டாலின் ‘சூனியக்காரிகள்’ நாவலில் (1983) எலியாக்கப்பட்ட சிறுவன் எலியாகவே இருந்துவிடுகிறான். இன்னும் 9 ஆண்டுதான் உயிரோடு இருப்பான் என்று தெரிந்ததும் அவனுக்குச் சந்தோஷம். 86 வயதுப் பாட்டிக்கும் அவ்வளவுதான் மிச்சம், பாட்டிக்குப் பிறகு தனியாக வாழ வேண்டாமே! 1990இல் வந்த திரைப்படம் அவனைத் திரும்பச் சிறுவனாக்கியது. அந்த மாற்றம் டாலுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. உங்கள் பல்லிக்கும் அப்படி ஒரு துணை தேவை. கடைசி அத்தியாயத்தில் அவளோடு சுவரில் யார் இருக்கிறார்கள், அறுந்த வால் என்ன ஆனது, அம்மா இப்போது சாப்பாட்டை எங்கே வைக்கிறாள் என்று எழுதிப் பாருங்கள். அம்மா கொசு பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டால் மந்திரத்தை முறிக்கத் தேவையே இல்லை.