வாடகை ஒப்பந்தத்தில் வரும் 'ஷல்'

கேள்வி: ஆங்கிலத்தில் இருக்கும் என் வாடகை ஒப்பந்தத்தில் ஓரிடத்தில் 'ஷல்', இன்னோரிடத்தில் 'ஷுட்', வேறோரிடத்தில் 'மே' என்று வருகிறது. எது கட்டாயம்? 'ஷல்' வெறும் எதிர்காலம்தானே?

பதில்: எதிர்காலத்துக்கு 'ஐ ஷல், யூ வில்' என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டதால் வரும் சந்தேகம் இது. அந்த விதியை 1653-இல் தன் இலக்கண நூலில் எழுதிவைத்தவர் ஜான் வாலிஸ். கணிதத்தில் முடிவிலிக்கு ∞ குறியைத் தந்தவரும் இவரே. ஒப்பந்தத்தில் அந்த விதிக்கு வேலையில்லை. அங்கே 'ஷல்' என்றால் கடமை.

சொல்லின் பிறப்பே கடனில்தான். லூக்கா 16:5-இல், "என் எஜமானுக்கு நீ எவ்வளவு கடன்பட்டிருக்கிறாய்?" என்ற கேள்விக்குச் சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கில பைபிள் பயன்படுத்தியது 'ஷல்' என்பதன் பழைய வடிவத்தைத்தான். ஜெர்மனில் இதன் உறவுச் சொல்லான 'ஷுல்ட்' கடனையும் குறிக்கும், குற்றத்தையும் குறிக்கும். 'ஷுட்' இதன் இறந்தகால வடிவம். காலப்போக்கில் அழுத்தம் குறைந்து, 'செய்தால் நல்லது' என்று வாதாட இடம் கொடுக்கும் சொல்லாகிவிட்டது. 'மே' பொதுவாக அனுமதிதான். ஆனால் 'மே நாட்' என்று வந்தால் பெரும்பாலும் தடை, கவனம்.

ஆகவே 'ஷல்' வரும் ஒவ்வொரு வரியிலும், இது யாருடைய கடன் என்று பாருங்கள். 'அட்வான்ஸ் ஷல் பி ரிட்டர்ன்ட் வித்தின் 30 டேஸ்' என்று இருந்தால், யார் தர வேண்டும், எந்த நாளிலிருந்து 30 நாள் என்று வரியில் இல்லை. சிக்கல் வருவது இங்கேதான். 'வீடு காலி செய்த நாளிலிருந்து 30 நாளுக்குள் உரிமையாளர் திருப்பித் தர வேண்டும்' என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

சரி, 'ஷல்' இருந்தாலே போதுமா? போதாது. அரசமைப்புச் சட்டத்தின் 320(3)(சி) பிரிவில், அரசுப் பணியாளர்மீதான ஒழுங்கு நடவடிக்கையில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க 'ஷல்' என்றே இருக்கிறது. ஆனாலும் அது கட்டாயமில்லை, வழிகாட்டுதல்தான் என்று உச்ச நீதிமன்றம் 1957-இல் மன்போதன் லால் ஸ்ரீவஸ்தவா வழக்கில் சொன்னது. இந்தக் குழப்பம் வேண்டாமென்றே தென்னாப்பிரிக்கா தன் 1996 அரசமைப்பில் 'மஸ்ட்' என்று எழுதிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், 'மஸ்ட்' பிறந்த வினைச்சொல்லுக்கு ஆதியில் 'அனுமதி உண்டு' என்றுதான் பொருள்!

சொல்லை மட்டும் நம்பாமல், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அடுத்த வரியிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். அட்வான்ஸ் தாமதமானால் மாதத்துக்கு இவ்வளவு வட்டி என்று ஒரு வரி போதும். கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். போட்ட பிறகு திருத்த உரிமையாளரும் சம்மதிக்க வேண்டியிருக்கும்.