ஜல்லி கொட்டியதோடு நின்றுபோன சாலை: யாரிடம், எதைக் கேட்பது?

வாசகியின் கேள்வி: சென்னையை ஒட்டிய ஒரு நகராட்சியில் குடியிருக்கிறோம். எங்கள் தெருச் சாலை, தெருமுனைப் பேருந்து நிறுத்தத்துக்கு நிழற்குடை, அதுவரை ஒரு நடைபாதை, மூன்றையும் நகராட்சி சேர்த்து எடுத்து பூமி பூஜை போட்டு எட்டு மாதம் ஆகிறது. பழைய சாலையைத் தோண்டி ஜல்லி கொட்டி உருட்டிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. கவுன்சிலரைக் கேட்டால் "ஃபண்ட் வரணும்" என்கிறார், அலுவலகத்தில் "எழுபது பெர்சன்ட் முடிஞ்சாச்சு" என்கிறார்கள். ஸ்கூட்டர்கள் சறுக்குகின்றன. மாமியாரை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக ஆட்டோ தெருவுக்குள் வர மறுக்கிறது. உண்மை நிலையை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

உங்கள் கடிதத்தில் முதலில் கண்ணில் பட்டது அந்த ஆட்டோதான். சாலை என்பது வண்டி ஓட்டுகிறவர்களுக்கான விஷயம் என்று அலுவலகத்தில் பலர் நினைக்கிறார்கள், ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டியவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. உங்கள் மனுவில் இதை முதல் வரியாக எழுதுங்கள்.

நகராட்சிப் பொறியியல் பிரிவில் பல வருடம் இதே மாதிரி வேலைகளுக்கு அளவெடுத்து எழுதியவன் நான். இப்போது குடியிருப்போர் சங்கங்களுக்கு மனு எழுத உதவுகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: "வேலை எப்போ முடியும்?" என்று கேட்காதீர்கள். அதற்கு "சீக்கிரம் முடிஞ்சிடும்" என்பதைத் தவிர யாரும் வேறு பதில் சொல்லப் போவதில்லை. "இந்த வேலையின் கோப்பு இப்போது எந்த நிலையில், யார் மேஜையில் இருக்கிறது?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் ஒரு தேதி, ஒரு எண், ஒரு கையெழுத்து என்று ஏதாவது சொல்லியாக வேண்டும்.

நகராட்சி வேலை எதுவாக இருந்தாலும் பாதை ஒன்றுதான். மன்றத்தில் தீர்மானம், மதிப்பீட்டுக்கு நிர்வாக அனுமதி, அப்புறம் தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், ஒப்பந்தம், பணி ஆணை, தளத்தை ஒப்பந்ததாரரிடம் ஒப்படைப்பது, அதற்குப் பிறகுதான் வேலை. பூமி பூஜை இந்த வரிசையில் எங்குமே கிடையாது. அதனால் எட்டு மாதம் என்ற உங்கள் கணக்கை அலுவலகத்தில் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பணி ஆணை எந்தத் தேதியில், தளம் ஒப்படைத்தது என்றைக்கு, எத்தனை மாதத்தில் முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது, இந்த மூன்றும் கையில் இருந்தால்தான் வேலை தாமதமா, இன்னும் கெடுவுக்குள் இருக்கிறதா என்றே சொல்ல முடியும். கெடு முடிந்திருந்தால் ஒப்பந்ததாரர் கால நீட்டிப்பு கேட்டு எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நகராட்சி அவருக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். இரண்டுமே கோப்பில் இல்லை என்றால், உங்கள் வேலையை யாருமே கவனிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

சரி, அந்த "எழுபது பெர்சன்ட்" விஷயத்துக்கு வருகிறேன், பலரும் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். சதவீதத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று களத்தில் எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது என்பது, இன்னொன்று மதிப்பீட்டில் எவ்வளவு தொகைக்கு பில் போட்டிருக்கிறார்கள் என்பது. ஒரு கணக்குக்கு 40 லட்ச ரூபாய் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். தோண்டியது, மண் அள்ளியது, ஜல்லி அடுக்கு, ஓரத்தில் கட்டிய சிறு வடிகால் என்று 28 லட்சம் வந்துவிட்டால் தாளில் அது எழுபது. ஆனால் தெருவில் நடக்கிறவருக்கு அது பூஜ்ஜியம்தான், ஏனென்றால் தார் அடுக்கு இல்லாத சாலை சாலையே இல்லை. அலுவலகத்தில் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று அவசியமில்லை, அவர்கள் எண்ணுவது வேறு, நீங்கள் எண்ணுவது வேறு. அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு எம்-புக்கைக் கேளுங்கள்.

எம்-புக் என்பது அளவுப் புத்தகம். வரிசை எண் போட்ட பக்கங்கள் கொண்ட அந்தப் புத்தகத்தில்தான் களத்தில் எடுத்த அளவு ஏறுகிறது. எந்த வேலை, எத்தனை மீட்டர் நீளம், அகலம், கனம் என்று ஒவ்வொன்றாக எழுதி, உதவிப் பொறியாளரோ இளநிலைப் பொறியாளரோ கையெழுத்துப் போட்டு, மேலதிகாரி சரிபார்ப்பார். அதில் ஏறாமல் பில் போட முடியாது. ஆகவே உங்கள் தெருவில் இதுவரை என்ன நடந்தது என்பதற்கு அந்தப் பக்கத்தைவிட நேர்மையான சாட்சி வேறு இல்லை, அதில் பொய் ஏறியிருந்தால் அந்தப் பக்கத்தை வைத்தே கேள்வி கேட்கலாம். நடைபாதை கட்டியதாக அதில் அளவு ஏறியிருந்து உங்கள் தெருவில் நடைபாதை இல்லை என்றால், அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை வாங்கும் வழி 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் எழுதும் விதம் முக்கியம். "ஏன் தாமதம்?" என்று கேட்டால், அது தகவல் அல்ல, விளக்கம் கேட்கிறீர்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் அந்தச் சட்டம் தருவது ஏற்கெனவே பதிவில் இருப்பதை மட்டும்தான். அதையே "இந்தப் பணியின் தாமதம் குறித்து ஒப்பந்ததாரருக்கு அனுப்பிய கடிதங்கள், நோட்டீஸ்களின் நகல்" என்று கேளுங்கள். அதோடு மன்றத் தீர்மானத்தின் எண்ணும் நாளும், மதிப்பீட்டின் நகல், நிதி எந்தத் தலைப்பிலிருந்து, பணி ஆணையின் நகல், முடிக்க வேண்டிய கெடு, கால நீட்டிப்பு தந்திருந்தால் அந்த ஆணை, எம்-புக்கில் இந்த வேலைக்கான பக்கங்கள், இதுவரை தந்த பில் தொகையும் தேதியும், ஒப்பந்தப்படி சாலை பழுதானால் ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டிய காலம் எவ்வளவு என்பது. இவ்வளவும் ஒரே மனுவில் கேட்கலாம். பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், அங்கும் சரிப்படவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

அதே சட்டத்தின் 2(j) பிரிவில் பலர் கவனிக்காத ஒரு உரிமை இருக்கிறது. தகவல் என்றால் காகித நகல் மட்டும் இல்லை. வேலையையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடலாம், பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரியும் கேட்கலாம். அதாவது உங்கள் தெருவில் போட்ட ஜல்லிக் கலவையின் மாதிரியை அலுவலகத்திடமிருந்து முறையாகக் கேட்டு வாங்க முடியும். ஒரு சங்கம் இப்படி மனு கொடுத்த மறுவாரமே வேலை நடந்த இடத்தில் மேற்பார்வைக்கு ஆள் வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மாதிரி எடுக்கும் அளவுக்கு அந்த விஷயம் போகவே இல்லை.

முப்பது நாள் காத்திருக்க முடியாது என்பது புரிகிறது. அதற்குள் வீட்டில் உட்கார்ந்தபடியே ஒன்று செய்யலாம். தமிழ்நாடு அரசு டெண்டர்களை வெளியிடும் மின் கொள்முதல் இணையதளத்தில் உங்கள் நகராட்சியின் பெயரைத் தேர்ந்து பழைய டெண்டர்களைத் தேடுங்கள், தெருப் பெயர் பெரும்பாலும் பணியின் பெயரிலேயே இருக்கும். அதன் அளவுப் பட்டியலில் எந்த அடுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பது வரை இருக்கும். அந்த ஒரு தாளை அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு பொறியியல் பிரிவுக்குப் போனால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

அப்புறம் "ஃபண்ட் வரணும்". எந்த ஃபண்ட்? இதைக் கேட்காமல் திரும்பாதீர்கள். நகராட்சியின் பொது நிதி என்றால் அது நீங்கள் கட்டும் சொத்து வரி உள்ளிட்ட சொந்த வருமானம், யாரிடமிருந்தும் வர வேண்டியதில்லை, அப்போது கேள்வி பணத்தை வேறு எதற்குத் திருப்பினார்கள் என்பதுதான். நிதிக்குழு மானியமோ கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டமோ என்றால் மேலிருந்து தவணையாக வருகிறது, முந்தைய தவணைக்குச் செலவுச் சான்று அனுப்பாமல் அடுத்தது தாமதமாவது சகஜம், சான்று அனுப்பியாகிவிட்டதா என்று கேளுங்கள். நமக்கு நாமே திட்டம் என்றால் பொதுமக்கள் பங்கு ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும், அந்தப் பணத்தைக் கட்டியவர்களை அழைத்துக்கொண்டு போங்கள். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி என்றால் அவர் அலுவலகத்திலும் ஒரு மனு கொடுத்துவிட வேண்டும். தேர்தலைக் காரணம் காட்டினால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நன்னடத்தை விதி புதிதாகத் தொடங்குவதைத்தான் தடுக்கிறது, களத்தில் ஏற்கெனவே தொடங்கிவிட்ட வேலை தொடரலாம். உங்கள் தெருவில் ஜல்லி கிடப்பதே வேலை தொடங்கியதற்கு அத்தாட்சி, தேதி தெரியும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

பணம் அல்லாத காரணமும் இருக்கலாம். குடிநீர்க் குழாயோ பாதாளச் சாக்கடையோ பதிக்க வேண்டியிருந்து, தார் போட்டுவிட்டு மறுபடி வெட்டக் கூடாது என்று நிறுத்தி வைத்திருந்தால் அது நியாயமான நிறுத்தம்தான், அதற்காக அவர்களைத் திட்டாதீர்கள். ஆனால் குழாய் வேலைக்கு என்ன தேதி என்று எழுத்தில் வாங்குங்கள். நடுவில் நிற்கும் மின்கம்பத்தை மாற்ற மின்வாரியத்துக்குப் பணம் கட்டாமல் மாதக்கணக்கில் வேலை நிற்பதும் உண்டு.

நிழற்குடை ஏன் வரவில்லை என்பதற்கு என் ஊகம் ஒன்று. உங்கள் தெரு நகராட்சியுடையதாக இருக்கும், ஆனால் பேருந்து ஓடும் சாலை பல ஊர்களில் நெடுஞ்சாலைத் துறையுடையது. அப்படியானால் அவர்களின் தடையில்லாச் சான்று இல்லாமல் நகராட்சியால் ஒரு தூண்கூட ஊன்ற முடியாது. பக்கத்தில் கிலோமீட்டர் கல் இருந்தால் பாருங்கள், தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. சந்தேகமாக இருந்தாலும் மனுவை நகராட்சிக்கே கொடுக்கலாம். தகவல் வேறு துறையிடம் இருந்தால் 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு.

நடைபாதைக்கு ஒரு வார்த்தை. இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டுதல்படி தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும், விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு சாதாரண அளவுகோலின் பாதி நீளம் அது. அதற்கு மேல் ஏறினால் உங்கள் மாமியார் வயதில் இருப்பவர் நடைபாதையை விட்டு ரோட்டில்தான் நடப்பார். இன்னும் கட்டவில்லை என்பதால் இப்போதே எழுதிக் கொடுத்தால் மாற்ற முடியும், கட்டிய பிறகு இடிக்க மாட்டார்கள்.

கவுன்சிலரோடு சண்டை வேண்டாம். பகுதி சபாக் கூட்டத்துக்குப் போங்கள். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்திலிருந்து நகரங்களில் நடக்கத் தொடங்கியது, கிராம சபை மாதிரிதான். அங்கே நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து நின்று பணியின் பெயரைச் சொல்லி, "பணி ஆணைத் தேதி இது, கெடு இது, நடவடிக்கைக் குறிப்பில் எழுதுங்கள்" என்று கேட்டால் அது பதிவாகும். பல கவுன்சிலர்களுக்கு இது உதவியாகவே இருக்கும், மன்றத்தில் எழுந்து பேச அவர்களுக்கும் ஒரு காகிதம் வேண்டும்.

இதெல்லாம் நடக்கும்வரை உடனே கேட்க வேண்டியது பாதுகாப்பு. உருட்டிய ஜல்லி அடுக்கு அதன்மேல் வண்டி ஓடுவதற்காகப் போட்டது இல்லை. மேலே தார் இல்லாமல் மாதக்கணக்கில் வண்டி ஓடினால் பொடி பறந்து, கல் உதிர்ந்து, மழையில் குழி விழும், ஸ்கூட்டர்கள் சறுக்குவது அதனால்தான். தண்ணீர் தெளித்து மறுபடி உருட்டித் தரவும், குழியருகே இரவில் மின்னும் நாடா கட்டவும் ஆணையருக்கு ஒரு மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். இதற்குப் புது ஒப்புதல் எதுவும் தேவையில்லை, வேலை முடியும்வரை தளத்தைப் பார்த்துக்கொள்வது ஒப்பந்ததாரர் கடமை.

கடைசியாக, தார் போட வரும் நாள். எட்டு மாதம் கழித்து அவசரமாக வருவார்கள், உதிர்ந்த ஜல்லி மேலேயே கொட்டிவிட்டுப் போக விடாதீர்கள். அடுக்கைச் சரிசெய்து உருட்டி, தூசியைக் கூட்டி, பசைத் தார் தெளித்த பிறகுதான் கலவை இறங்க வேண்டும். ஒரு கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள்: 150 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத் தெருவில் 30 மில்லிமீட்டர் கனம் என்றால் 18 கன மீட்டர், உருட்டிய பின் ஏறக்குறைய 42 டன். 14 டன் ஏற்றும் டிப்பர் என்றால் மூன்று லோடு வர வேண்டும், இரண்டோடு தெரு முடிந்துவிட்டால் கனம் 20-தான் வந்திருக்கிறது. உங்கள் தெரு நீளம், அகலம், மதிப்பீட்டில் உள்ள கனம் மூன்றையும் போட்டு முன்கூட்டியே கணக்கிட்டு வைத்து, அன்றைக்குக் காலையில் வீட்டுக்கு ஒருவராவது வாசலில் நின்று லோடு எண்ணுங்கள். ஆள்நுழைவுக் குழி மூடிகளைப் புது மட்டத்துக்கு உயர்த்தினார்களா என்பதையும் ரோலர் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.