நடைபாதைத் திட்டத்துக்காகத் தள்ளுவண்டிக் கடைகளைக் காலி செய்யச் சொல்லலாமா?

உங்கள் தெருவில் இட்லிக் கடைக்கார அக்காவையும் பூ விற்கும் அம்மாவையும் ஒரு வாரத்தில் காலி செய்யுங்கள் என்று வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்கிறீர்கள். அப்படி வாய்மொழியாகச் சொல்லிக் காலி செய்ய வைக்க முடியாது. தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014-இன்படி, வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் (தெருவில் விற்பதற்கான அனுமதி) கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அதற்குப் பிறகும் இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆகவே மரம் நட்டு நடைபாதையை அகலமாக்குகிறோம் என்று இட்லிக் கடைக்கார அக்காவுக்கும் பூ விற்கும் அம்மாவுக்கும் ஒரு வாரக் கெடு வைத்தது செல்லாது.

என் ஊகம்: நடைபாதைக்கு அளவெடுக்க வந்தவர்கள் காலை பதினொரு மணிக்கு வந்திருப்பார்கள். இட்லிக் கடை ஒன்பதுக்கே மூடிவிடும், பூக்கடை சாயங்காலம்தான். வரைபடத்தில் அவர்கள் இருக்கவே மாட்டார்கள்! எங்கள் தெருவிலும் இதேதான் நடந்தது.

முதலில் இதைப் பாருங்கள்:

1. கணக்கெடுப்பில் அவர்கள் பெயர் இருக்கிறதா, அட்டை தந்தார்களா என்று அவர்களிடமே கேளுங்கள்.

2. திட்டம் நகர விற்பனைக் குழுவின் (இதே சட்டப்படி தெருவோர வியாபார விஷயங்களைப் பார்க்கும் உள்ளூர்க் குழு) முன் வந்ததா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, கூட்டக் குறிப்பின் நகல் கேளுங்கள். அந்தக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும்.

3. காலை ஆறுக்கும் இரவு ஏழுக்கும் நீங்களே ஒருமுறை நடந்து, கடைகளை எண்ணிப் படம் எடுத்து வையுங்கள்.

ஒன்று மட்டும். சான்றிதழ் கிடைத்தால் அதே இடம் நிரந்தரம் என்று அர்த்தமில்லை. சக்கர நாற்காலி போக 1.8 மீட்டராவது தடையில்லாமல் விடவேண்டும். அதை அடைக்கும் வண்டி நகரத்தான் வேண்டும். எங்கே நகர்வது என்பதை அந்த அக்காவையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.